ஜிந்துப்பிட்டியில் ஒரு மொரிஸ் மைனர்

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து செட்டியார் தெரு வழியாக நடந்து வந்தால், நகைக்கடைகளின் வெளிச்சத்தையும் கதிரேசன் கோயில்களையும் கடந்து சிறிது தூரத்தில் ஜிந்துப்பிட்டி வந்துவிடும். கொழும்பு 13 என்ற தபால் இலக்கத்துக்குள் அடங்கும் சின்னஞ்சிறு பகுதி இது. சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், பிரித்தானியர் ஆட்சியின் தொடக்க காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக எழுந்த புனித தோமையார் தேவாலயம், ஒரு காலத்தில் இங்கே மேடையேறிய இசை நாடகங்கள் ஆகியவற்றால் இந்த இடத்தின் பெயர் பலருக்குத் தெரிந்திருக்கும். மலையகத்திலிருந்து வந்தவர்கள், இந்திய வம்சாவளி வியாபாரக் குடும்பங்கள், வடக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள், கொழும்புச் செட்டிகள், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் ஒரே சுவரைப் பங்கு போட்டு வாழும் இடம் இது.

பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைகள் பிரியும். ஒழுங்கைகளுக்குள் 'தோட்டம்' என்று அழைக்கப்படும் குடியிருப்புகள் இருக்கும். பெயர்தான் தோட்டம், ஒரு செடி வைக்கவும் இடம் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இப்படியான ஓர் இடத்தில், ஒரு பழைய வீட்டின் பக்கத்து முற்றத்தில், நீலநிறப் படங்குக்குக் கீழே ஒரு கார் நிற்கிறது. மொரிஸ் மைனர், நான்கு கதவு, 1955ஆம் ஆண்டு வண்டி.

சமூகப் பணி காரணமாக இந்த ஒழுங்கைகளில் சில வருடங்களாக நடமாடி வருகிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள், அடையாள அட்டை இல்லாத தாய்மார், கணவன் இறந்த பின்பும் வீட்டு உறுதியில் பெயர் மாற்றாத விதவைகள் ஆகியோரின் கடதாசிகளோடுதான் எமது வேலை. அந்த வேலையின் நடுவேதான் இந்தக் காரின் கதையையும் அறிந்தேன். ஒரு வண்டி யார் யார் கைக்கு மாறியது என்று பார்த்தால், இந்த நாட்டின் எழுபது வருட வரலாறு அதற்குள் இருப்பது தெரியும். அந்த வரலாற்றில் பெண்ணின் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்பதும் தெரியும்.

மைனர் பிறந்த கதை

தமிழில் 'மைனர்' என்றால் கழுத்தில் சங்கிலியும் கையில் கடிகாரமுமாகத் திரியும் பணக்கார இளைஞன் நினைவுக்கு வருவான். இந்த மைனர் அப்படிப்பட்டவர் அல்லர். சாதாரணக் குடும்பங்கள் வாங்கி ஓட்டக்கூடிய சிறிய கார் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவாக்கப்பட்டவர்.

இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் இன்றைய துருக்கியிலுள்ள ஸ்மேர்னா நகரில் பிறந்தவர். தந்தை கிரேக்கர், தாய் ஜேர்மனியர். 1922இல் அந்த நகரம் போரில் எரிந்தபோது, குடும்பம் பிரித்தானியக் கப்பலில் ஏறி மோல்டா தீவுக்கு அகதிகளாகச் சென்றது. அங்கேயே தந்தை இறந்து போனார். மறுவருடம் விதவைத் தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். படிப்பில் கணித பாடத்தில் மூன்று முறை தவறியவர் அந்த மகன். ஆனால் இயந்திரங்களை வரைவதில் கெட்டிக்காரர். 1972இல் தாய் இறக்கும் வரை அவருடனேயே வாழ்ந்தார். இடம்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த எமது வாசகிகளுக்கு, ஒரு தாயும் மகனும் கையில் ஒன்றுமில்லாமல் புதிய நாட்டில் தொடங்கிய கதை புதிதாக இருக்காது.

கார் ஏறக்குறைய முடிந்துவிட்ட கட்டத்தில், பார்ப்பதற்கு மிகவும் ஒடுக்கமாக இருக்கிறதே என்று இசிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரிக் காரை நடுவால் இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் அகட்டியபோதுதான் திருப்தி வந்தது. அதற்குள் முன் பம்பர்கள் செய்து முடிக்கப்பட்டிருந்தபடியால், அவற்றை நடுவில் வெட்டி ஒரு துண்டு தகடு வைத்து இணைத்தார்கள். எமது தையல்காரப் பெண்கள் உடம்பு பெருத்த பிள்ளையின் சட்டைக்கு நடுவில் துண்டு வைத்துத் தைப்பதைப் போன்ற வேலைதான்.

1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் கார் மக்கள் முன் வந்தது. நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபுவுக்கு அதன் உருவம் பிடிக்கவில்லை. கொதிநீரில் உடைத்து ஊற்றி அவித்த முட்டையைப் போல இருக்கிறது என்றாராம். ஆனால் மக்களுக்குப் பிடித்திருந்தது. 1960 டிசெம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. 1971 வரை பிரித்தானியாவில் ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன. அந்த நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகளும் தாதியரும் ஓட்டித் திரிந்தது இந்தக் காரைத்தான். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள் அறிந்த அம்பாசிடர் காரும் இதே மொரிஸ் குடும்பம்தான். மைனரின் அண்ணன் போன்ற மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வடிவத்தில் கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை அது தயாரிக்கப்பட்டது.

இலக்கத்தகடு சொல்லும் வரலாறு

ஜிந்துப்பிட்டி மைனரின் முன்கண்ணாடி இரண்டு துண்டாக, நடுவில் ஒரு கம்பியுடன் இருக்கிறது. 1956க்குப் பின்னர் வந்த வண்டிகளில் ஒரே கண்ணாடிதான். திரும்புவதற்கு மினுங்கும் லைட் இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய கை வெளியே நீண்டு திசையைக் காட்டும். ஒழுங்கைச் சிறுவர்கள் அந்தக் கையை நீட்டச் சொல்லிக் கேட்டுக் கேட்டே அது ஒரு பக்கம் வேலை செய்யாமல் போய்விட்டது.

இலக்கத்தகட்டில் 'ஈ.என்.' என்ற ஆங்கில எழுத்துக்களும் நான்கு இலக்கங்களும் இருக்கின்றன. அக்காலத்தில் 'சிலோன்' என்ற நாட்டின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துக்களை இரண்டிரண்டாக எடுத்து வாகனங்களுக்கு இட்டார்கள். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்பன 1950களில் வந்தவை. 1957 ஜனவரி முதல் அந்த முறை மாறியது. புதிய வாகனங்களுக்குச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாயிற்று. முதல் வருடம்தான் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. தமிழ் மக்கள் தமது வாகனங்களில் தமிழ் 'ஸ்ரீ'யை எழுதி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. 1958இல் சிங்கள ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது அந்த எழுத்துக்குத் தார் பூசப்பட்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் மூண்டது. வாகனத்தில் இருந்த ஓர் எழுத்துக்காக எத்தனை வீடுகள் இருண்டன என்பதை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இந்த மைனர் அதற்கு இரண்டு வருடம் முந்தியது. ஆகவே அதன் நெற்றியில் அந்தச் சண்டை எழுதப்படவில்லை. ஆனாலும் பின்னர் வந்தவற்றிலிருந்து அது தப்பவில்லை.

கைமாறிய கைகள்

வாகனத்தின் பதிவுச் சான்றிதழை எமது மக்கள் 'புக்' என்றுதான் சொல்வார்கள். தற்போதைய உரிமையாளரின் பெயரோடு முந்திய உரிமையாளர்களின் பெயர்களும் அதில் இருக்கும். இந்த வண்டியின் புக்கில் நான்கு ஆண்களின் பெயர்கள் இருந்தன. பெயர்களை இங்கே எழுதவில்லை. அவர்கள் யார் என்பதை மாத்திரம் சொல்கிறேன்.

முதலாவது பெயர் மலைநாட்டில் இருந்த ஒரு தோட்டத் துரை. சுதந்திரத்துக்குப் பின்னர் ஐரோப்பியத் துரைமார் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனபோது அவரும் காரை விற்றுவிட்டுப் போனார்.

இரண்டாவது பெயர் வெள்ளவத்தையில் வசித்த ஒரு தமிழ் வைத்தியர். அவரிடம் கார் நீண்ட காலம் நின்றதற்குக் காரணம் விருப்பம் மாத்திரம் அல்ல. 1960களின் தொடக்கத்திலிருந்து நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும் வரை புதிய கார் என்பது பெரும்பாலானோருக்குக் கனவாகவே இருந்தது. ஆகவே 1950களில் வந்திறங்கிய மொரிஸ், ஒஸ்டின், ஹில்மன் கார்களையே திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். இந்த நாட்டில் பழைய பிரித்தானியக் கார்கள் இவ்வளவு காலம் பிழைத்துக் கிடந்ததற்கு இதுவே முக்கிய காரணம். 1970களின் தொடக்கத்தில் வைத்தியரும் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றுவிட்டார். கார் பிறந்த நாட்டுக்கு அவர் போக, கார் இங்கேயே நின்றது.

மூன்றாவது பெயர் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த ஒரு வியாபாரி. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓர் இளைஞரைச் சாரதியாக வைத்துக்கொண்டார். அந்தச் சாரதியின் மனைவியைத்தான் இன்று ஒழுங்கையில் எல்லோரும் 'கார் அம்மா' என்று அழைக்கிறார்கள். அவருக்கு வயது எழுபதை நெருங்குகிறது.

1983 ஜூலை 25ஆம் திகதி கொழும்பில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை எங்கும் புகை. வீதியில் வாகனங்களை மறித்து, உள்ளே இருப்பவர் தமிழரா என்று பார்த்துக் கொளுத்தினார்கள். அன்று காலை கார் ஜிந்துப்பிட்டியில்தான் நின்றது. சாரதியும் அயலிலிருந்த ஒரு முஸ்லிம் இளைஞரும் சேர்ந்து அதை இந்த முற்றத்துக்குள் தள்ளி, நான்கு சில்லுகளையும் கழற்றி விட்டார்கள்.

"சில்லு இல்லாத காரை ரோட்டுக்கு இழுத்துக் கொண்டுபோய் எரிக்க ஏலாதுதானே மகள். சில்லு நாலையும் பக்கத்து வீட்டு நோனாட கட்டிலுக்குக் கீழ போட்டோம். அவ சிங்கள ஆள். ஆராவது கேட்டா தன்ட மகன்ட சாமான் எண்டு சொல்லுறன் எண்டா."

வியாபாரியின் கடை எரிந்தது. அந்த வருட இறுதியில் அவர் குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குப் போனார். பல மாதச் சம்பளப் பாக்கிக்கு ஈடாகக் காரைச் சாரதிக்குக் கொடுத்து, உரிமை மாற்றும் படிவத்தில் ஒப்பமிட்டும் கொடுத்தார். இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். எமது நாட்டில் ஒப்பமிட்ட படிவத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்கள் பலர். 'ஓபன் பேப்பர்' என்பார்கள். ஒப்பமிட்டவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு அல்லற்பட வேண்டியதுதான். இந்தச் சாரதி அப்படிச் செய்யவில்லை. அடுத்த வருடமே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். புக்கில் நான்காவது பெயர் அவருடையது.

மண்ணெண்ணெயில் ஓடிய அண்ணன்மார்

1990களில் ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் வடக்கிலிருந்து வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்கள், சிகிச்சைக்கு வந்தவர்கள், காணாமற் போன மகனைத் தேடி வந்தவர்கள். அவர்கள் இந்த மைனரைக் கண்டால் நின்று பார்த்து, "எங்கட ஊரில இது மண்ணெண்ணெயில ஓடுது" என்பார்களாம். முதலில் கார் அம்மாவின் கணவர் நம்பவில்லையாம்.

அது உண்மை. பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத காலத்தில், அங்கிருந்த ஒஸ்டின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர் வாடகைக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய என்ஜின்களில் அழுத்த விகிதம் குறைவு. மின்னணுப் பாகங்கள் எதுவும் கிடையாது. சிறிதளவு பெற்றோல் விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் புகையைக் கக்கியபடி ஓடும். பெற்றோலை மணக்கக் காட்டினால் போதும் என்று பகிடியாகச் சொல்வார்கள். பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ தாய்மார் அந்தப் புகை நடுவே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். புதிய ஜப்பான் கார்கள் முடங்கிக் கிடந்த இடத்தில் இந்தக் கிழட்டு வண்டிகள் உயிர்களைக் காப்பாற்றின.

ஜிந்துப்பிட்டி மைனரும் தன் பங்குக்கு அதையே செய்தது. நள்ளிரவில் ஒழுங்கைக் கர்ப்பிணிகளை பொரளைப் பக்கம் த சொய்சா மகப்பேற்று மருத்துவமனைக்குக் கொண்டு போனது இந்த வண்டிதான். முச்சக்கர வண்டிகள் பெருகுவதற்கு முன்னர் ஒழுங்கையில் வேறு வாகனம் இருக்கவில்லை. சோதனைச் சாவடிகளில் மறிக்கும்போது கார் அம்மாவும் கூடவே இருப்பாராம். பெண் ஒருத்தி உள்ளே இருந்தால் கேள்விகள் குறையும் என்பது அவருடைய அனுபவம்.

பார்த்துக்கொண்டவர் யார்?

காரை ஓட்டியவர் கணவர்தான். ஆனால் காரைப் பார்த்துக்கொண்டவர் யார் என்று கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் விடியற்காலை பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து கழுவியவர் மனைவி. கிழிந்த இருக்கைகளுக்குத் தன் தையல் இயந்திரத்தில் உறை தைத்துப் போட்டவர் மனைவி. என்ஜின் பழுதானபோது தாலிக்கொடியை அடகு வைத்தவர் மனைவி. பஞ்சிகாவத்தைக்கு நடந்து போய் உதிரிப்பாகம் பேரம் பேசியவரும் மனைவிதான்.

பஞ்சிகாவத்தை பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையடையாது. மருதானைக்கு அருகில், ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் இந்த வீதிகளில், நாட்டிலுள்ள எந்த வாகனத்துக்கும் ஏதாவதொரு பாகம் கிடைக்கும் என்பார்கள். "ஆம்பிளைகள் விலை கேட்டா ஒரு விலை, நான் கேட்டா இன்னொரு விலை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சு கூட்டிச் சொல்லுவாங்க. பாஸ் சொன்ன சாமானட பேரை நான் சரியா சொன்னதும் விலை தானா இறங்கிரும்" என்று சிரிக்கிறார் கார் அம்மா. 'பாஸ்' என்று அவர் சொல்வது கராஜ் வைத்திருக்கும் சிங்கள மெக்கானிக்கை. நாற்பது வருடமாக அவரும் இவரும் பேசிக்கொள்வது பாதி சிங்களம், பாதி தமிழ்.

எமது நாட்டுத் தகரவேலைக்காரர்களின் கைத்திறன் கடல் கடந்தும் பேசப்பட்டது. 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த ஒரு நிறுவனம், தென்னிலங்கையில் தொழிற்சாலை ஒன்றோடு சேர்ந்து மைனரின் உடற்பாகங்களைச் செய்வித்தது. பிரித்தானியாவில் செய்து நிறுத்திவிட்ட பாகங்கள் இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குப் போயின.

பெட்டியிலிருந்து வெளியே வந்த புக்

2011இல் கணவர் இறந்தார். மகன்மார் இருவரும் வெளிநாட்டில். இரண்டு மகள்மாரில் மூத்தவர் திருமணமாகி வத்தளையில். இளையவர் தாயோடு இருக்கிறார். ஒரு அலுவலகத்தில் வேலை. தகப்பனிடம் கார் ஓட்டப் பழகியவர் அவர். மைனரின் முதலாவது கியரை ஓடும்போது போட்டால் கரகரவென்று சத்தம் போடும். அதைச் சத்தமில்லாமல் போடுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். அது இளைய மகளுக்கு உண்டு.

இப்போது பழைய கார்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் போவது ஒரு நாகரிகமாகிவிட்டது. வார இறுதிகளில் மைனருக்குப் பூமாலை கட்டி, இளைய மகள் கல்யாண வீடுகளுக்கு ஓட்டிப் போகிறார். "டிரைவர் எங்க?" என்று கேட்பார்களாம். "நான்தான்" என்றதும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார்களாம். பெண் வீட்டார் படம் எடுத்துக்கொள்வார்களாம். அந்த வருமானம்தான் தாயின் மருந்துக்கும் வீட்டுச் செலவுக்கும் கைகொடுக்கிறது.

2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமற் போனதை எவரும் மறந்திருக்க மாட்டோம். நாட்கணக்கில் வரிசை. அந்த வருடம் ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தது. பதிவு செய்வதற்கு அடையாள அட்டை இலக்கத்தோடு வண்டியின் இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் கேட்டார்கள். அடிச்சட்ட இலக்கம் புக்கில்தான் இருக்கும். அன்றுதான் கணவரின் தகரப் பெட்டியிலிருந்து புக் வெளியே வந்தது. இறந்து பதினொரு வருடமான மனிதரின் பெயரே இன்னும் அதில் உரிமையாளராக இருந்தது.

வருடாவருடம் வரி அனுமதிப்பத்திரம் எடுத்தார்கள், காப்புறுதி கட்டினார்கள், வண்டி ஓடியது. யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் மாற்றவில்லை. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் விலை ஏறியிருந்தது. பழைய கார் சேகரிப்பவர்கள் பல இலட்சம் தருவதாகத் தரகர் மூலம் செய்தி அனுப்பினார்கள். செய்தி தாய்க்கு வரவில்லை, வெளிநாட்டிலிருக்கும் மூத்த மகனுக்குப் போனது. ஆண்பிள்ளைதான் உரிமைக்காரன் என்று தரகர் தானாகவே முடிவு செய்துகொண்டார். "அப்பாட கார்தானே, வித்திட்டு அம்மாட பேரில பேங்கில போடுவோம்" என்று மகன் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அந்தக் காரை விற்றால் இளைய மகளின் கையிலிருக்கும் ஸ்டியரிங் போய்விடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப என்ட ஒன்றும் இல்லையா மகள்?" என்று கார் அம்மா கேட்டபோதுதான் நாங்கள் அவரைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போனோம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அரச நிறுவனம் அது. புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்தே போகலாம். வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாசகிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

எமது நாட்டில் பொதுச் சட்டத்தின்படி, 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மரணசாசனம் எழுதாமல் கணவர் இறந்தால் அவருடைய சொத்தில் அரைவாசி மனைவிக்கு உரியது. மற்ற அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. வீடு, காணி மாத்திரமல்ல, கார், முச்சக்கர வண்டி, வங்கிப் பணம் எல்லாம் இதில் அடங்கும்.

தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத் தமிழருக்கு, அவர்கள் கொழும்பில் வாழ்ந்தாலும், வேறு விதிகள் உண்டு. திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ கணவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க முடியாது என்பது 1911ஆம் ஆண்டுச் சட்டம். பெண்கள் அமைப்புகள் நீண்ட காலமாக எதிர்த்து வரும் விதி இது. ஆனால் அசையும் சொத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. தன் பெயரில் உள்ள வாகனத்தை அவள் தானே விற்கலாம். முஸ்லிம் பெண்களுக்கு முஸ்லிம் மரபுரிமைச் சட்டம் பொருந்தும். எது தமக்குப் பொருந்தும் என்பதைக் கேட்டறிவது அவசியம்.

இறந்தவரின் பெயரிலுள்ள வாகனத்தை மாற்றுவதற்கு மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் சம்மதம் ஆகியவை முதலில் வேண்டும். சொத்தின் பெறுமதியைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக நேரிடலாம். அதன் பின்னர்தான் நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம்.

கார் அம்மாவின் விடயத்தில் நான்கு பிள்ளைகளும் சம்மதித்தார்கள். மூத்த மகன்தான் முதலில் ஒப்பமிட்டு அனுப்பினார். அரைவாசி தாயுடையது, மீதியில் தன் பங்கு எட்டில் ஒன்று மாத்திரமே என்று தெரிந்தபோது அவர் வாதாடவில்லை. சட்டத்தைத் தெரியாமல் பேசியதுதான் பிரச்சினையாக இருந்தது. இருந்தும் காரியம் முடிய ஒன்றரை வருடம் எடுத்தது. விவாகச் சான்றிதழில் கணவரின் பெயர் ஒரு விதமாகவும் புக்கில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. தமிழ்ப் பெயரை யார் யாரோ தமக்குத் தோன்றியபடி ஆங்கிலத்தில் எழுதியதன் விளைவு. அந்த ஓர் எழுத்துக்காக மாத்திரம் ஏழு முறை அலைந்தோம்.

2024இல் புதிய சான்றிதழ் கிடைத்தது. துரை, வைத்தியர், வியாபாரி, சாரதி என்று நான்கு ஆண்களுக்குப் பின்னர், ஐந்தாவது உரிமையாளராக ஒரு பெண்ணின் பெயர். அறுபத்தொன்பது வருடம் ஓடிய வண்டிக்கு அப்போதுதான் ஒரு பெண் உரிமையாளர் கிடைத்தார். கார் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "இனி மைனரைக் கேக்கிறவங்க என்னட்டத்தான் வரணும்" என்றார்.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. புதிய கார்கள் வருகின்றன. ஆனால் பழைய காரில் கல்யாண ஊர்வலம் போக விரும்புவோர் குறையவில்லை என்கிறார் இளைய மகள்.

ஜிந்துப்பிட்டிப் பக்கம் வந்தால், கோயிலைக் கும்பிட்டுவிட்டு ஒழுங்கைகளுக்குள்ளும் ஒரு தடவை நடந்து பாருங்கள். இடிந்த கூரைகளையும் சாக்கடையையும் மாத்திரம் படம் பிடித்துப் போகிறவர்கள், அந்த வீடுகளின் தகரப் பெட்டிகளுக்குள் எவ்வளவு சொத்தும் எவ்வளவு சிக்கலும் இருக்கின்றன என்பதை அறிவதில்லை.

சகோதரிகளே, மொரிஸ் மைனர் எல்லோர் வீட்டிலும் இருக்காது. ஆனால் ஒரு முச்சக்கர வண்டி, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு சிறிய வீடு, ஒரு துண்டுக் காணி, ஒரு சேமிப்புப் புத்தகம், இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். அந்தக் கடதாசியில் யாருடைய பெயர் இருக்கிறது என்று இந்த மாதமே எடுத்துப் பாருங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒப்பமிட்ட படிவம் மாத்திரம் கையில் இருந்தால், ஒப்பமிட்டவர் உயிரோடும் ஊரோடும் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். கணவரோடு பேசும்போது இதைச் சந்தேகமாகக் கேட்க வேண்டாம், வீட்டுக் கணக்கைப் போலக் கேளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் அவர்கள் விடுமுறையில் வரும்போது உட்கார்ந்து பேசிவிடுங்கள். துக்க வீட்டில் பேச வேண்டிய பேச்சல்ல இது. எல்லோரும் சுகமாக இருக்கும் ஒரு நாளில் பேச வேண்டியது.